ஏற்றத்துக்கு மோட்டார்... இறக்கத்துக்கு நீங்கள்!

‘சைக்கிளுக்கு எதுக்குங்க மோட்டார்? மோட்டார் வெச்சுட்டா அப்புறம் அதை மொபெட்னு சொல்லிட்டுப் போகலாமே!’

எலெக்ட்ரிக் மவுன்டன் பைக் என்று பேச்சை எடுத்தாலே முதலில் வந்து விழுவது இந்தக் கேள்விதான். பின்னாலேயே இன்னொன்றும் வரும். ‘உடம்பு இளைக்கணும்னுதானே சைக்கிள் வாங்கறோம்? மோட்டாரே இழுத்துட்டுப் போனா உடம்பு எப்படிங்க இளைக்கும்?’

நியாயமான கேள்விகள்தான். நாற்பது, ஐம்பது வயதில் ‘சுகர் எட்டிப் பார்க்குது, தினமும் ஏதாவது எக்சர்சைஸ் பண்ணுங்க’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்க போரடிக்கிறது. ஜிம் பக்கம் போகக் கூச்சம். சாதா சைக்கிளை எடுத்தால் முதல் மேம்பாலத்திலேயே நாக்குத் தள்ளுகிறது. இப்படிப்பட்ட ஒருவர் கணிசமான பணம் போட்டு இந்த வண்டியை வாங்கலாமா? வாங்கினால் பலன் உண்டா? ஆபத்து எங்கே இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்.

கிரீஸ் புகைந்த கதை

மலைச் சைக்கிள் பிறந்த கதையே சுவாரஸ்யமானது. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மரின் கவுன்டி என்ற மலைப்பாங்கான பகுதியில், ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்று ஒரு இளைஞர் கூட்டம். தடித்த பலூன் டயர் போட்ட பழங்காலத்து சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைமேல் கொண்டுபோய், மண் பாதையில் தடதடவென்று இறக்கிப் பார்ப்பதுதான் இவர்களின் பொழுதுபோக்கு. 1976-ல் இதைப் பந்தயமாகவே நடத்த ஆரம்பித்தார்கள். இரண்டு மைலுக்குச் சற்றே அதிகமான தூரத்தில் 1,300 அடி இறக்கம்!

அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். காரணம் என்ன தெரியுமா? பின் சக்கரத்தின் ஹப்புக்குள் இருக்கும் ப்ரேக் அந்த இறக்கத்தில் கொதித்துப் போய், உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகவே போய்விடும். கீழே வந்து சேர்ந்ததும் ஹப்பைப் பிரித்து, மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதுதான் ரீபேக்!

சரி, மேலே எப்படிப் போனார்கள்? தள்ளிக்கொண்டு போனார்கள். இல்லாவிட்டால் பிக்-அப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கனத்த சைக்கிளை மிதித்து மலையேற்றுவது நடக்கிற காரியமாக இல்லை.

பிறகு கியர்கள் வந்தன, எடை குறைந்தது, 1996-ல் அட்லான்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஒரு போட்டியாகவே இடம்பிடித்தது. இன்னொரு பக்கம், ஜப்பானில் யமஹா நிறுவனம் 1993-ல் ஒரு புது மாதிரி சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கும். மிதிக்காவிட்டால் சும்மா இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் எலெக்ட்ரிக் மவுன்டன் பைக். 2019-ல் கனடாவில் இதற்கென்று தனியாக உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடந்துவிட்டது.

மலைச் சைக்கிளின் ஐம்பது வருடக் கதையில் ஏறுவதற்குத்தான் மோட்டார் வந்திருக்கிறது. இறங்குவது அன்றும் இன்றும் ஓட்டுகிறவர் பாடு. இதை மனதில் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

மொபெட்டா, சைக்கிளா?

முறையான எலெக்ட்ரிக் மவுன்டன் பைக்கில் கைப்பிடியை முறுக்கும் ஆக்சிலரேட்டர் கிடையாது. பெடல் சுழலும் இடத்திலேயே மோட்டார் உட்கார்ந்திருக்கும். கூடவே ஒரு சென்சார். உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது அளந்து, அதற்கு ஏற்ற மாதிரி மோட்டாருக்கு உத்தரவு போடும். மெதுவாக மிதித்தால் கொஞ்சம் உதவி, அழுத்தி மிதித்தால் நிறைய உதவி. காலை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும்.

எவ்வளவு உதவி வேண்டும் என்பதைக் கைப்பிடியில் இருக்கும் பட்டனில் நீங்களே தீர்மானிக்கலாம். ‘ஈகோ’ என்ற சிக்கன நிலையில் லேசாக முதுகைத் தொட்டுத் தள்ளுகிற மாதிரி இருக்கும். ‘டர்போ’ நிலையில் உங்கள் காலின் வலுவைப் போல மூன்று மடங்குக்கு மேல்கூட மோட்டார் சேர்த்துக் கொடுக்கும். ஐரோப்பிய நாடுகளில் வேகம் 25 கி.மீ.யைத் தாண்டினால் மோட்டார் உதவியை நிறுத்திவிட வேண்டும் என்பது சட்டம். அதற்குமேல் போக வேண்டுமா? உங்கள் கால்தான் உழைக்க வேண்டும்.

நம் நாட்டில் மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ், நம்பர் ப்ளேட் எதுவும் தேவையில்லை. அதற்காக ‘வேக லாக்கை எடுத்துத் தர்றேன் சார், நாற்பதுல பறக்கும்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். அந்த நிமிடமே அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம் ஆகிவிடும். விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இது சோம்பேறி சைக்கிளா?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். மோட்டார் உதவினால் உடற்பயிற்சி போய்விடுமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். மலைச் சைக்கிள் ஓட்டிப் பழகிய 33 பேர். ஒரே பாதை. ஒரு முறை சாதா மலைச் சைக்கிள், ஒரு முறை மோட்டார் வைத்தது. இரண்டிலும் இதயத் துடிப்பை அளந்தார்கள். மோட்டார் சைக்கிளில் சராசரி இதயத் துடிப்பு, சாதா சைக்கிளில் இருந்ததில் 94 சதவிகிதம்! அதாவது இதயம் ஏறக்குறைய அதே உழைப்பை உழைத்திருக்கிறது. ஆனால் ஓட்டியவர்களுக்கோ ‘அவ்வளவு கஷ்டமாவே தெரியலையே’ என்ற எண்ணம்தான் இருந்தது.

‘அவங்க பழகினவங்க. நாங்க உட்கார்ந்தே இருக்கிற ஆளுங்களாச்சே!’ என்கிறீர்களா? அதற்கும் பதில் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2016-ல் வெளியான ஆராய்ச்சியில் கலந்துகொண்ட 20 பேரும் உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்கள். காரில் ஆபீஸ் போய் வருகிறவர்கள். அவர்களிடம் எலெக்ட்ரிக் சைக்கிளைக் கொடுத்து, ‘வாரம் மூன்று நாள், நாளுக்குக் குறைந்தது 40 நிமிடம் ஓட்டுங்கள்’ என்று சொன்னார்கள். நான்கே வாரம்! உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியிருந்தது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் ரத்தச் சர்க்கரையும் குறைந்திருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. சாதா சைக்கிளில் மேடு வந்ததும் பலர் இறங்கித் தள்ளுகிறோம். அடுத்த நாள் ‘அந்த மேட்டை நினைச்சாலே...’ என்று சைக்கிளையே எடுப்பதில்லை. மோட்டார் இருந்தால் அந்த பயம் போய்விடுகிறது. இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் ஒரு நாள் என்று பழக்கம் நிலைக்கிறது. ஐரோப்பாவின் ஏழு நகரங்களில் எடுத்த ஒரு பெரிய ஆய்விலும் இதையே பார்த்தார்கள். எலெக்ட்ரிக் சைக்கிள்காரர்கள் அதிக தூரம் ஓட்டுவதால், வாரக் கணக்கில் அவர்களுடைய உடல் உழைப்பு சாதா சைக்கிள்காரர்களுடையதற்கு ஈடாகவே இருந்தது.

ஆனால் ஒன்று. ஏற்கெனவே தினமும் சாதா சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவர் மோட்டாருக்கு மாறி, அதே தூரம் மட்டும் ஓட்டினால் உழைப்பு குறையத்தான் செய்யும். கார், ஸ்கூட்டரிலிருந்து மாறுகிறவருக்குத்தான் முழு லாபம். அதேபோல எப்போதும் டர்போவிலேயே போய்க்கொண்டு, கால் சும்மா சுற்றினால் பலன் எதுவும் கிடைக்காது.

சரியாக உழைக்கிறோமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. ஓட்டும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டு வந்தால் உதவியைக் குறையுங்கள். பேச்சே வரவில்லை என்றால் கூட்டுங்கள். நாடித்துடிப்பு பார்க்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: 220-லிருந்து வயதைக் கழியுங்கள். ஐம்பது வயதுக்காரருக்கு 170. அதில் 64 முதல் 76 சதவிகிதம், அதாவது நிமிடத்துக்கு 109 முதல் 129 வரை இருந்தால் மிதமான உடற்பயிற்சி. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் இப்படிப்பட்ட உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

யார் டாக்டரைக் கேட்க வேண்டும்?

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு சைக்கிள் நல்ல தோழன். ஓடும்போது ஏற்படும் அதிர்வு இதில் இல்லை. உடல் எடையை சீட் தாங்கிக்கொள்கிறது. மேட்டில் மோட்டார் உதவுவதால் மூட்டை நசுக்கி மிதிக்க வேண்டிய அவசியமும் குறைகிறது. அதே காரணத்தால் எலும்பை உறுதியாக்கும் வேலையை சைக்கிள் அவ்வளவாகச் செய்யாது. மாதவிலக்கு நின்ற பெண்கள் சைக்கிளோடு நடையையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

கீழே சொல்லியிருப்பவர்கள் மட்டும் வண்டி வாங்குவதற்கு முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

* நெஞ்சுவலி, மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள்.

* ரத்த அழுத்தத்துக்கு அடினோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இவை நாடித்துடிப்பைக் குறைத்துக் காட்டும். மேலே சொன்ன 220 கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. பேச்சு-பாட்டுச் சோதனையே போதும்.

* இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை தாழ்நிலைக்குப் போகக்கூடிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள். பையில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கட்டாயம். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் உடனே இறங்கிவிடுங்கள்.

* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். விழுந்து தலையில் அடிபட்டால் இவர்களுக்கு ஆபத்து அதிகம்.

* தலைசுற்றல், வலிப்பு, எலும்பு பலவீனம் உள்ளவர்கள். கர்ப்பிணிகள் மலைப்பாதையைத் தவிர்ப்பதே நல்லது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

மேலே ஏறும்போது யாரும் பெரிதாக விழுவதில்லை. இறங்கும்போதுதான் வினை!

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். சாதா மலைச் சைக்கிளில் ஒருவர் உச்சிக்குப் போக வேண்டுமானால் மாதக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். அதற்குள் ப்ரேக், பேலன்ஸ், வளைவு எல்லாம் அவருக்குக் கைவந்திருக்கும். மோட்டாரோ, வாங்கிய மறுநாளே ஒருவரை உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ‘அட, இவ்வளவு சுலபமா!’ என்று மகிழ்ந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், கீழே சரளைக் கற்களும் வேர்களும் நிறைந்த பாதை. இப்போது மோட்டார் எந்த உதவியும் செய்யாது.

போதாக்குறைக்கு வண்டியின் எடை. சாதா மலைச் சைக்கிள் பெரும்பாலும் 12 முதல் 15 கிலோ. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தால் 20 முதல் 25 கிலோ. நிறுத்துவது அந்த அளவுக்குக் கடினம். இன்னொரு கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். வேகம் இரண்டு மடங்கானால், ப்ரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 15 கி.மீ.யில் சமாளித்தவர் 30-ல் சமாளிப்பார் என்று சொல்ல முடியாது.

ஆகவே, மலைக்குப் போகும் முன்பு பக்கத்து மைதானத்தில் இவற்றைப் பழகுங்கள்.

* இரண்டு ப்ரேக்கையும் சேர்த்து, ஒவ்வொரு விரலால் மெதுவாக அழுத்துவது. முன் ப்ரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்துவிடுவார்.

* இறக்கத்தில் சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்கையும் முழங்காலும் லேசாக மடங்க நிற்பது. பின்புறம் சற்றுப் பின்னால் போகட்டும்.

* வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது. வளைவுக்குள் ப்ரேக் பிடித்தால் டயர் வழுக்கும்.

* முன்னால் இருக்கும் கல்லைப் பார்க்காமல், போக வேண்டிய வழியைப் பார்ப்பது. கண் போகிற இடத்துக்குத்தான் சைக்கிளும் போகும்.

* நீண்ட இறக்கத்தில் ப்ரேக்கைப் பிடித்துக்கொண்டே இருக்காமல், விட்டு விட்டுப் பிடிப்பது. ப்ரேக் ஆறட்டும். அந்தக் கலிஃபோர்னியா கிரீஸை மறந்துவிடாதீர்கள்!

ஒரு எளிய விதி சொல்லட்டுமா? எந்தப் பாதையில் உங்களால் நிதானமாக இறங்க முடியுமோ, அந்தப் பாதையில் மட்டும் ஏறுங்கள். ஏறியபின் பயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்குக்கூட வேண்டாம். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். கையுறையும் முக்கியம். விழும்போது நாம் முதலில் ஊன்றுவது கையைத்தானே?

வலி வந்தால் சீட்டைப் பாருங்கள்

‘ரெண்டு நாள் ஓட்டினேன், முட்டி வலி வந்துடுச்சு. வண்டியே வேணாம்னு வெச்சுட்டேன்.’ இப்படிச் சொல்கிறவர்களில் பலருக்குப் பிரச்னை வண்டியில் இல்லை, சீட்டின் உயரத்தில்! நம்மில் பலர், கால் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறோம். அதனால் முழங்கால் எப்போதும் மடங்கியே இருந்து, முன்பக்கம் வலி எடுக்கிறது.

பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்கால் லேசாக மடங்கியிருப்பதுதான் சரியான உயரம். முழங்காலின் பின்பக்கம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலோ சீட் அதிக உயரம் என்று அர்த்தம். பல மலைச் சைக்கிள்களில் பட்டனை அழுத்தினால் சீட் தாழும் வசதி இருக்கிறது. இறக்கத்தில் தாழ்த்தி, சமதளத்தில் உயர்த்திக்கொள்ளலாம்.

கனமான கியரில் முக்கி முக்கி மிதிக்காதீர்கள். லேசான கியரில், நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று என்று வேகமாகச் சுற்றுங்கள். முழங்காலும் பிழைக்கும், பேட்டரியும் நீடிக்கும். உள்ளங்கை மரத்துப்போனால் உடல் பாரம் கையில் அதிகம் விழுகிறது என்று பொருள். தொடை இடுக்கில் மரத்துப்போனால் சீட்டின் சாய்வையும் அகலத்தையும் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

வாங்கும்போது...

ஐம்பதாயிரத்துக்குள் கிடைக்கும் எலெக்ட்ரிக் சைக்கிள்களில் பெரும்பாலும் சக்கரத்தின் ஹப்பில் மோட்டார் இருக்கும். பெயரில் ‘மவுன்டன்’ என்று இருந்தாலும் இவை ஊருக்குள் ஓட்டவும், மேம்பாலம் ஏறவும்தான் ஏற்றவை. பெடல் பகுதியில் மோட்டார், அழுத்தத்தை அளக்கும் சென்சார், முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி, ஹைட்ராலிக் டிஸ்க் ப்ரேக் என்று முறையான மலை வண்டி வேண்டுமானால் லட்சங்களில் போகும். உங்களுக்கு எது தேவை? வாரம் மூன்று நாள் ஊருக்குள் ஓட்டுவதுதான் திட்டம் என்றால் முதல் வகையே தாராளம். நல்ல ப்ரேக்காகப் பார்த்து வாங்குங்கள், அது போதும்.

‘ஒரு சார்ஜுக்கு 80 கி.மீ.’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்பாதீர்கள். அது சமதளக் கணக்கு. 75 கிலோ ஆள், 25 கிலோ வண்டி, ஆக 100 கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றவே குறைந்தது 270 வாட்-அவர் மின்சாரத்துக்குச் சமமான உழைப்பு வேண்டும். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே பல வண்டிகளில் 500 வாட்-அவர்தான். மலையில் அது எவ்வளவு வேகமாகத் தீரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே பேட்டரி பாதிக்கு வந்ததும் வண்டியைத் திருப்பிவிடுங்கள். சார்ஜ் இல்லாத 25 கிலோ வண்டியை மிதித்து வீடு வந்து சேர்வது லேசான காரியம் அல்ல!

செலவைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். 500 வாட்-அவர் என்பது அரை யூனிட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை அரை மணி நேரம் போட்டால் ஆகும் மின்சாரம், அவ்வளவுதான். பெரிய செலவு பின்னால் வரும். சில வருடங்களில் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும். அதன் விலை என்ன, உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பேட்டரி வீட்டுக்குள் வருகிறது, ஜாக்கிரதை!

இதைக் குடும்பத்தில் எல்லோரும் படிக்க வேண்டும். 2023-ல் நியூயார்க் நகரில் மட்டும் லித்தியம் பேட்டரி தீ விபத்துகளில் 18 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் தீ விபத்துகளில் எலெக்ட்ரிக் சைக்கிள், ஸ்கூட்டர் பேட்டரிகளுக்குத்தான் பெரும் பங்கு. அந்த வருடமே, பாதுகாப்புச் சான்று இல்லாத பேட்டரி வண்டிகளை விற்கக் கூடாது என்று அந்த நகரம் சட்டம் கொண்டுவந்தது. பயந்துபோய் வண்டியே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒழுங்காகக் கையாண்டால் நல்ல பேட்டரி தொல்லை தராது.

* வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். ‘பாதி விலைக்குத் தர்றேன்’ என்று கிடைக்கும் பேட்டரி, சார்ஜர் வேண்டவே வேண்டாம்.

* வீட்டு வாசலிலோ, மாடிப்படி அடியிலோ சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும்.

* ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். மெத்தை, சோபா, துணிக் குவியல் பக்கத்தில் வேண்டாம்.

* வெயிலில் ஓட்டிவிட்டு வந்தவுடன் சார்ஜ் போடாமல், பேட்டரி ஆறட்டும். அக்னி நட்சத்திர நாட்களில் கதவு மூடிய காருக்குள் பேட்டரியை விட்டு வைக்காதீர்கள்.

* கீழே விழுந்து நசுங்கிய, உப்பிய, நாற்றமடிக்கும் பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தவும் வேண்டாம், பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

* பல வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்துவிடுங்கள். முழு சார்ஜிலோ, சுத்தமாகக் காலியாகவோ வைத்தால் ஆயுள் குறையும்.

வண்டியைப் பைப்பில் பீய்ச்சியடித்துக் கழுவாமல் ஈரத்துணியால் துடையுங்கள். செயினுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று, ப்ரேக் பேடு தேய்மானம் மூன்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

முதல் நான்கு வாரம்

முதல் வாரம்: சமமான, போக்குவரத்து குறைந்த தெருவில் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம். சிக்கன நிலையில் மட்டும். ஏறுவது, இறங்குவது, ப்ரேக் பிடிப்பது பழகட்டும்.

இரண்டாம் வாரம்: 30 நிமிடம். சிறிய மேடு, மேம்பாலம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்டில் மட்டும் உதவியைக் கூட்டுங்கள்.

மூன்றாம் வாரம்: 40 நிமிடம். மைதானத்தில் மண் தரையில் நின்றபடி ஓட்டுவதும், வளைவதும் பழகுங்கள்.

நான்காம் வாரம்: 40 நிமிடம், மூன்று நாள். ஒரு நாள் மட்டும் மண் பாதை, சிறிய இறக்கத்துடன். கூட ஒருவர் வரட்டும்.

ஓட்டாத நாட்களில் கொஞ்சம் நடந்தால் வாரத்துக்கு 150 நிமிடக் கணக்கும் நேராகிவிடும். காலை வெயிலுக்கு முன்பே கிளம்புங்கள். தண்ணீர் பாட்டில், செல்போன், பஞ்சர் கிட் மூன்றும் கூடவே இருக்கட்டும். எந்தப் பாதையில் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நம் ஊர் மலைகளில் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, ஏற்காடு சாலையில் 20. பஸ்ஸும் லாரியும் எதிரே வரும் இந்தச் சாலைகள், புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு ஏற்ற இடம் அல்ல. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். யானையும் காட்டெருமையும் நடமாடும் பாதையில் சத்தமே இல்லாமல் வரும் வண்டி, அவற்றுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

நான்கு வாரம் முடிந்ததும் வழக்கமாகப் பார்க்கும் லேபில் சுகரையும், டாக்டரிடம் பி.பி.யையும் ஒருமுறை பார்த்துக் குறித்துவையுங்கள். மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும், நீங்களாகக் குறைக்காதீர்கள். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அடுத்த மாசம் எந்த மேடு?’ என்று நீங்களே தீர்மானியுங்கள்!